நானே திரித்த லீடர்

ஈயக் குண்டைப் பிடித்திருந்த விரல்களை எடுத்ததும் அது தானாகச் சுழல ஆரம்பிக்கிறது. முதலில் மெதுவாக, பிறகு கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில். சுவரில் சாய்த்து வைத்த பலகையின் உச்சியில் ஒரே கொக்கியில் மாட்டியிருக்கும் இரண்டு நூல் புரிகளும் கீழிருந்து மேலாக ஒன்றையொன்று தழுவிக்கொண்டே வருகின்றன. நடுவில் வைத்திருக்கும் என் ஆள்காட்டி விரலை அந்தத் தழுவல் மேலே தள்ளுகிறது, நானும் விட்டுக்கொடுத்துக்கொண்டே போகிறேன். உச்சிக்கு வந்து விரலை உருவிய பிறகு குண்டு வேகம் குறைந்து நிற்கும், வந்த வழியே கொஞ்சம் திரும்பிச் சுழலும், மறுபடி நிற்கும். இப்படி ஐந்தாறு தடவை ஆடி ஓய்ந்து அசையாமல் தொங்கும்போது, மீன்தூண்டிலில் கட்டும் ஒரு லீடர் தயாராகிவிட்டது. இதுவரை முப்பதுக்கு மேல் திரித்துவிட்டேன். இந்தச் சில நிமிடங்களுக்காக இன்றைக்கும் மற்ற வேலையெல்லாம் நிறுத்திவிடுகிறேன்.

ஃப்ளை ஃபிஷிங் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மற்றத் தூண்டிலில் இரையின் அல்லது ஈயத்தின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முனையில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு பொய்ப் பூச்சி, ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு இலேசு. அதனால் கனத்தை லைனிலேயே வைத்திருக்கிறார்கள். தடித்த, மேற்பூச்சுள்ள அந்த ஃப்ளை லைனை முன்னும் பின்னும் வீசி, கடைசி வீச்சில் அது காற்றில் ஒரு வளைவாக உருண்டு விரியும். அந்த லைனின் முனையில் நேராகப் பூச்சியைக் கட்டினால் மீன் தலையில் கயிறு விழுந்த மாதிரி இருக்கும். இரண்டுக்கும் நடுவே, பருமனிலிருந்து மெலிவுக்குப் படிப்படியாக இறங்கும் ஓர் இணைப்பு வேண்டும். அதுதான் லீடர். அதன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு டிப்பெட்.

பெரும்பாலோர் பயன்படுத்துவது ஒற்றை நைலான் நரம்பாலான லீடர், வழக்கமாக 9 அடி. நானும் பல வருடம் அதைத்தான் பயன்படுத்தினேன். அதில் எனக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று: சுருள். பொட்டலத்தில் சுருட்டி வைத்திருந்த வடிவம் அதன் உடம்பில் ஏறிவிடுகிறது, எவ்வளவு நீவிவிட்டாலும் அரை மணி நேரத்தில் நீர்மேல் மறுபடி ஸ்பிரிங் போலக் கிடக்கும். அந்தச் சுருளெல்லாம் நேரானால்தான் மீன் தொட்டது என் கைக்கே தெரியும், அதற்குள் மீன் பூச்சியைத் துப்பிவிட்டுப் போயிருக்கும்.

ஒரு நாள் ஆற்றங்கரையில் வயதான ஒருவர் என் லீடரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். ஆலிவ் பச்சை நிறம், கயிறு மாதிரி முறுக்கியது, கையில் விழுந்ததும் துவண்டு ஒரு சின்னக் குவியலாக உட்கார்ந்துகொண்டது. “நீங்க பண்ணதா சார்?” என்று கேட்டேன். “நூல்தான் தம்பி, வேற ஒண்ணும் இல்ல. போட்டுப் பாரு” என்றார். போட்டுப் பார்த்தேன். முதல் வீச்சிலேயே லைன் விரிந்த அதே வேகத்தில் லீடரும் விரிந்து, பூச்சி நீரைத் தொட்டது. நான் ஒன்றும் திறமையாக வீசவில்லை, எப்போதும் வீசுவதைத்தான் வீசினேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து ஒரு பலகையைத் தேடி எடுத்தேன்.

இந்தப் பொருள் புதிதே இல்லை. நைலான் 1938இல்தான் வெளியுலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னால் பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் சுரப்பியை இழுத்து நீட்டிய ‘கட்’ என்ற இழையில் லீடர் செய்தார்கள், ஸ்பெயினின் முர்சியா பகுதி அதற்குப் பேர்போனது. டிப்பெட் உறையில் பருமனைக் குறிக்க 5எக்ஸ், 6எக்ஸ் என்று போட்டிருக்கிறதே, அந்தக் கணக்கு அந்தப் பட்டு இழையைத் துளைத் தகட்டின் வழியே எத்தனை தடவை இழுத்து மெலிதாக்கினார்கள் என்பதிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் குதிரைவால் மயிர். 1496இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் கையேடு எந்த மீனுக்கு எத்தனை மயிர் என்று வரிசையாகச் சொல்கிறது: பொடிமீனுக்கு 1, ட்ரவுட்டுக்கு 9, பெரிய ட்ரவுட்டுக்கு 12, சால்மனுக்கு 15. இத்தாலியின் வால்செசியா பள்ளத்தாக்கில் குதிரைமயிர் முறுக்கிய லைனில் மீன்பிடிக்கும் பழைய முறை இன்றும் இருக்கிறது. மயிரின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போனால் கயிறு மெலியும் என்ற அந்த ஒரே யோசனையைத்தான் நாமும் நூலில் செய்கிறோம்.

சரி, செய்முறைக்கு வருகிறேன்.

நான் பயன்படுத்துவது பூச்சி கட்டப் பயன்படும் பாலியெஸ்டர் நூல், 140 டெனியர். அதாவது 9000 மீட்டர் நூல் 140 கிராம் எடை இருக்கும். பழகுவதற்குத் தையல் நூலே போதும், முதல் இரண்டு மூன்று லீடருக்கு நல்ல நூலை வீணாக்க வேண்டாம். பாலியெஸ்டரை நான் விரும்பக் காரணம் அது தண்ணீரை உள்ளே குடிப்பதில்லை. நைலான் நூல் கொஞ்சம் குடிக்கும். சிலர் மெல்லிய தங்கூசி நரம்பிலேயே திரிக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், தண்ணீரும் குறைவாகத் தங்கும், ஆனால் ரப்பர் மாதிரி இழுபடும். பூச்சி ஒரு கிளையில் மாட்டி, இழுத்து, சட்டென்று விடுபட்டால் லீடர் முழுவதும் திரும்பி வந்து முகத்துக்கு முன்னால் ஒரு முடிச்சுக்கூடாக நிற்கும். அதைப் பிரிப்பதற்குள் மாலை போய்விடும். ஃப்ளூரோகார்பன் நரம்பின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.78 மடங்கு, எனவே நீருக்கடியில் போகும் பூச்சிகளுக்கு மட்டும் அதை எடுக்கலாம்.

பலகை 250 செ.மீ. நீளம். ஒரு முனையில், நுனிப்பக்கம், ஒரே ஒரு கொக்கி. அங்கிருந்து 240 செ.மீ. தள்ளி அடிப்பக்கம் இரண்டு கொக்கிகள், இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நுனிக் கொக்கியிலிருந்து இரண்டு அடிக் கொக்கிகளுக்கும் பென்சிலால் கோடு போட்டால் ஒரு நீண்ட, ஒடுங்கிய கூம்பு வரும். அந்த இரண்டு கோடுகளிலும் அடியிலிருந்து 70, 115, 155, 195 செ.மீ. தூரங்களில் துளை போட்டு, கழற்றி மாட்டும்படியான மர முளைகளைச் செருகினேன். முளை இறுக்கமாக இருக்கக்கூடாது, ஆடவும் கூடாது. பிறகு அவற்றை நூல் நழுவாமல் உருவ வேண்டியிருக்கும் என்பதால் இதில் அவசரப்படாதீர்கள். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள், இல்லையென்றால் நூலின் இழை பிய்ந்து மாட்டும்.

ஒரு அடிக் கொக்கியில் நூலை முடிந்துவிட்டு முதல் முளைக்கும் கொக்கிக்கும் நடுவே போய்ப்போய் வர வேண்டும், 11 தடவை. பதினோராவது தடவை நூல் முதல் முளையில் நிற்கும். அங்கிருந்து இரண்டாவது முளைக்கு 9, அடுத்ததற்கு 7, பிறகு 5, கடைசியாக நுனிக் கொக்கிக்கு 3. ஏன் எல்லாமே ஒற்றைப்படை என்று கேட்கலாம். ஒரே நூல் அறுபடாமல் அடியிலிருந்து நுனிக்கு நகர்ந்துகொண்டே போக வேண்டும், இரட்டைப்படையாகப் போனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும், அவ்வளவுதான். நுனிக் கொக்கியைச் சுற்றியதும் அதே நூல் மறுபக்கக் கோட்டில் 3, 5, 7, 9, 11 என்று ஏறி இரண்டாவது அடிக் கொக்கியில் முடியும்.

முக்கியமான விஷயம் ஒவ்வொரு முளையிலும் நடப்பது. இரண்டாம் பகுதியின் நூல் முதல் முளைக்குத் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும், அங்கே ஏற்கெனவே இருக்கும் கண்ணிகளின் உள்ளே புகுந்து சுற்றி வர வேண்டும், ஒரு சங்கிலியின் வளையம் அடுத்த வளையத்துக்குள் கோத்திருப்பதுபோல. முளையை உருவும்போது இரண்டு பகுதிகளையும் பிடித்துவைத்திருப்பது இந்தக் கோப்பு மட்டும்தான். ஒரு தடவை ஒரே ஒரு சுற்றை வெளியே விட்டுவிட்டேன், பேச்சுக் கொடுத்துக்கொண்டே சுற்றியதால் வந்த வினை. முளையை எடுத்ததும் அந்த இழை தொய்ந்து தனியாக வளைந்து நின்றது. முறுக்கியபோது உள்ளே போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, லீடரின் நடுவில் ஒரு குட்டிக் காது மாதிரி நின்று ஒவ்வொரு வீச்சிலும் கோலின் வளையத்தில் தட்டியது. இப்போது நூல் சுற்றும்போது வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருப்பேன், யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

இதில் ஒரு சின்னக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். முடிந்த லீடரில் அடியில் 22 இழை, நுனியில் 6. கேட்க நாலில் ஒரு பங்காக மெலிந்த மாதிரி இருக்கிறது. ஆனால் இழைகளின் எண்ணிக்கை பருமனின் வர்க்கத்தோடு போகிறது, ஆகவே 22 என்பது 6 ஆகும்போது விட்டம் ஏறக்குறைய பாதியாகத்தான் ஆகிறது. ஆரம்பத்தில் இது புரியாமல் 22, 20, 18 என்று பயந்து பயந்து குறைத்தேன், நுனி முரட்டுத்தனமாக நின்றது, பூச்சி நீரில் ‘தொப்’பென்று விழுந்தது. குறைக்கும்போது தைரியமாகக் குறைக்க வேண்டும். வீச்சின் வேகம் மெலிந்துகொண்டே போகும் கயிற்றில் பயணிக்கும்போது, நகர்த்த வேண்டிய கனம் குறைந்துகொண்டே வருவதால்தான் அந்த வளைவு கடைசிவரை உயிரோடு போய்ச் சேர்கிறது. ஒரு வரம்பு மட்டும் உண்டு: நுனியின் பலம் டிப்பெட்டின் பலத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும், அறுந்தால் டிப்பெட்தான் அறுபட வேண்டும்.

இவ்வளவுக்கும் ஆகும் நூல் சுமார் 36 மீட்டர். எடை பார்த்தால் அரை கிராமுக்குக் கொஞ்சம் அதிகம்.

அடுத்தது முறுக்கு. முளைகளை நுனிப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவிவிட்டு, ஒரு புரியின் அடிமுனையை, கையால் சுற்றும் டிரில்லில் பொருத்திய கொக்கிக்கு மாற்றுகிறேன். மின்சார டிரில்லும் ஆகும், ஆனால் கைப்பிடிச் சுற்றை எண்ண முடிகிறதே, அது எனக்கு வேண்டும். இழைகள் இறுக இறுக நீளம் குறையும். 240 செ.மீ. இருந்தது 216க்கு வரும்போது நிறுத்துகிறேன், அதாவது பத்தில் ஒரு பங்கு. அந்த இடத்தில் பலகையில் ஒரு கொக்கி அடித்து வைத்திருக்கிறேன், அதில் மாட்டிவிட்டு அடுத்த புரிக்குப் போகலாம். உற்றுப் பார்த்தால் முறுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, நுனிப்பக்கம் நெருக்கமாகவும் அடிப்பக்கம் தளர்வாகவும் இருக்கும். மெலிந்த பகுதி சுலபமாகச் சுழன்று கொடுக்கிறது, அதனால் முறுக்கு அங்கே போய்ச் சேர்கிறது. அதைச் சரிசெய்ய முயல வேண்டாம்.

இரண்டாவது புரியையும் அதே திசையில், அதே எண்ணிக்கையில் முறுக்க வேண்டும். முதலாவது வலஞ்சுழி என்றால் இதுவும் வலஞ்சுழி. என்னுடைய நாலாவது லீடரில் இந்த எண்ணிக்கையில்தான் கோட்டை விட்டேன். முதல் புரிக்கும் இரண்டாவதுக்கும் நாற்பது சுற்று வித்தியாசம் வந்துவிட்டது, நீளம் ஒன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். சேர்த்துச் சுற்றியபோது இறுகிய புரி நேராக நின்றது, தளர்ந்தது அதன்மேல் கொடி மாதிரிப் படர்ந்தது. கையால் உருவிப் பார்த்தால் திருகாணியைத் தடவுவது போலிருந்தது. அப்படிப்பட்ட லீடரில் எல்லாப் பாரமும் ஒரே புரியில் விழும். இரண்டும் சம அளவில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தால்தான் அது கயிறு.

இப்போது இரண்டு அடிமுனைகளையும் ஒரே கொக்கியில் மாட்டி, பலகையை நிமிர்த்தி, நுனியைக் கழற்றி அதில் 60 கிராம் ஈயத்தைத் தொங்கவிடுகிறேன். நுனியைக் கழற்றும் அந்த நொடியில் கை நழுவினால் எல்லாம் போச்சு, அடக்கி வைத்த முறுக்கு அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வந்து நூல் முழுவதும் குட்டிக் குட்டிச் சுருளாகிவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனிக் கண்ணியை விடவே கூடாது. குண்டு தொங்கியதும் ஒரு விரலைப் புரிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு குண்டை விட வேண்டியதுதான். கயிறு திரிப்பவர்கள் இதே வேலைக்குப் பள்ளம் வெட்டிய ஒரு கட்டையைப் புரிகளுக்கு நடுவே வைப்பார்கள்.

வலஞ்சுழியாக முறுக்கிய ஒவ்வொரு புரியும் பிரிந்துவிடப் பார்க்கிறது. பிரிவதற்கு அது எதிர்த்திசையில் சுழல வேண்டும். பக்கத்தில் அதே ஆசையோடு இன்னொன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சுழலும்போது ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. சுற்றச் சுற்றப் புரிகளின் முறுக்கு குறைகிறது, சேர்க்கையின் முறுக்கு ஏறுகிறது, இரண்டு விசையும் சமமாகும் இடத்தில் குண்டு நிற்கிறது. முதல் சில லீடர்களில் நான் இந்தக் குண்டை நம்பவில்லை. டிரில்லை மாட்டி, எனக்கு அழகாகத் தெரிகிற இறுக்கம் வரும்வரை எதிர்த்திசையில் சுற்றினேன். பலகையில் இருக்கும்போது கம்பி மாதிரி நேர்த்தியாக இருந்தன, கழற்றியதும் தன்மேலேயே சுருண்டன. எவ்வளவு சுற்ற வேண்டும் என்பது அந்த நூலுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இப்போது நான் செய்யும் ஒரே உதவி, குண்டு ஓய்ந்த பிறகு அதே திசையில் ஒரு முப்பது சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டு மறுபடி விடுவது. உரசலால் நடுவில் தங்கிப்போன முறுக்கு அதில் வெளியே வந்துவிடும், பிறகு அது தன் இடத்துக்குத் தானாகத் திரும்பும்.

சோதிப்பது சுலபம். லீடரை எடுத்து இரண்டு முனைகளையும் ஒரு கையில் பிடித்து, நடுப்பகுதியைக் கீழே தொங்கவிடுங்கள். ஊஞ்சல் மாதிரி அகன்று தொங்கினால் சரி. இரண்டு பக்கமும் நெருங்கிச் சுற்றிக்கொண்டால் சரியில்லை, மறுபடி குண்டில் மாட்டுங்கள்.

மிச்சம் சின்ன வேலைகள். அடிமுனையில் ஃப்ளை லைனோடு கோக்க ஒரு கண்ணி விட்டு ஒரு செ.மீ. நீளத்துக்கு நூலால் வரிந்து கட்டி ஒரு சொட்டு நகப்பூச்சு. நுனியில் 2 மி.மீ. எஃகு வளையம், அதில்தான் டிப்பெட்டைக் கட்டுவேன், லீடரின் நீளம் குறையாமல் டிப்பெட்டை எத்தனை தடவையும் மாற்றலாம். பிறகு நனைத்து, இரவு முழுக்கப் பாரத்தில் தொங்கவிட்டு, காய்ந்ததும் தேன்மெழுகு. மெழுகை விரல்களுக்கு நடுவே இளக்கி, அடியிலிருந்து நுனிவரை அழுத்தி உருவினால் நூலின் இடுக்குகளில் அது இறங்குவது விரலுக்கே தெரியும், சொரசொரப்பு மறைந்து வழுக்கும். பாலியெஸ்டர் தண்ணீரைவிட அடர்த்தியானது, மெழுகு இல்லாமல் அது மிதக்காது.

இதைப் புகழ்ந்துகொண்டே போனால் நியாயமில்லை, குறைகளும் உண்டு. முதலாவது சாரல். இழைகளுக்கு நடுவே தங்கும் தண்ணீர் அடுத்த வீச்சில் தூவானமாக விழும், அமைதியான நீரில் அது மீனின் தலைக்கு மேலேயே விழும். மெழுகு பெருமளவு தடுக்கும், முழுவதும் தடுக்காது, அதனால் மீனுக்கு நேராக வீசாமல் பக்கவாட்டில் இரண்டு வீச்சு வீசி உதறிவிட்டுத்தான் குறிவைக்கிறேன். பாசி நிறைந்த நீரில் இது பாசியைக் கோத்துக்கொண்டு வரும். எதிர்க்காற்றிலும், கனமான ஈய மணி கட்டி நீருக்கடியில் விடும் நிம்ஃப் பூச்சிகளுக்கும் நான் பழைய நைலான் லீடருக்கே போய்விடுகிறேன், அதன் விறைப்புக்கு அங்கே ஒரு பயன் இருக்கிறது. ஆனால் காற்றில்லாத மாலையில், மேலே மிதக்கும், 16ஆம் எண் முள்ளில் கட்டிய சின்னப் பூச்சியோடு, மெதுவாக நகரும் நீரில் என்றால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். இரண்டு மீட்டர் லீடர், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக டிப்பெட். லீடர் துவண்டு கிடப்பதால் நீரோட்டத்தின் ஒவ்வொரு சின்ன இழுப்புக்கும் அது வளைந்துகொடுக்கிறது, பூச்சி தன்போக்கில் மிதக்கிறது, கயிறு கட்டிய பூச்சி என்று மீனுக்குத் தெரிவதில்லை.

அந்தப் பெரியவர் கொடுத்த லீடரை மூன்று பருவம் பயன்படுத்தினேன். போன மாதம் அதன் நுனி நைந்து பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, வெட்டி எறிய மனம் வரவில்லை, மேசையில் வைத்து ஊசியால் புரி புரியாகப் பிரித்துப் பார்த்தேன். அடிப்பகுதியின் இழைகள் புதிதாகவே இருந்தன, நிறம்கூட மங்கவில்லை. அவருடைய எண்ணிக்கை என்னுடையதைப் போல இல்லை, கடைசிப் பகுதியில் ஒரு புரிக்கு 5 இழை வைத்திருக்கிறார். என்னுடையவை ஒன்றரைப் பருவத்தில் நுனி நைந்துபோவது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. டிப்பெட் மாற்றும்போதெல்லாம் நகம் படுவது அந்தக் கடைசி ஒரு சாண் பகுதியில்தான்.

அதனால் இன்று பலகையில் ஏற்றியிருப்பது 11, 9, 7, 5, 5. நுனி கொஞ்சம் கனமாகும், பூச்சி இறங்குவது முன்போல மென்மையாக இருக்குமா என்பது புல்தரையில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி வீசிப் பார்த்தால் தெரிந்துவிடும். குண்டு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, நாளைக் காலையில் மெழுகு.